சகலையின் மைலேஜ்

“இருபத்தாறா? சும்மா அள்ளி விடாதீங்க சகலை!”

டைல்ஸ் கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளே வயிறு பற்றி எரிந்தது.

மாமனார் வீட்டு வாசலில் இரண்டு ஹைபிரிட் கார்கள் அருகருகே நின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், போதாக்குறைக்கு ஒரே சாம்பல் நிறம். முதலில் வாங்கியவர் இவர். அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதமே வாங்கியவர் மூத்த மாப்பிள்ளையான பல் டாக்டர். அதையே இவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. இப்போது மைலேஜிலும் முந்துகிறாராமே!

“நிஜமாத்தான் சகலை. லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர். உங்க வண்டி எவ்ளோ குடுக்குது?”

“அது... இருபது, இருபத்தொண்ணு வரும்.” பதினெட்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“மூத்தவர் எதை எடுத்தாலும் அதுல ஒரு பக்குவம் இருக்கும்” என்றார் மாமனார், யாரும் கேட்காமலே.

“ஆமாப்பா, மாமா கைராசி அப்படி” என்று இவர் மனைவியும் சேர்ந்து எண்ணெய் ஊற்றினாள். கட்டின பெண்டாட்டியே கட்சி மாறினால் மனுஷன் என்னதான் செய்வார்?

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “எல்லாம் பெட்ரோல்ல இருக்கு சகலை. நான் நீல போர்டு பங்க்ல மட்டும்தான் போடுவேன். நீங்க?”

“பச்சை போர்டு.”

“அதானே பார்த்தேன்!”

அந்த ‘அதானே பார்த்தேன்’ வீடு வரைக்கும் காதுக்குள்ளேயே ஒலித்துக்கொண்டு வந்தது.

மறுநாளே வழியில் இருந்த பங்க்குகளையெல்லாம் தாண்டி, ஊர்க்கோடியில் இருந்த நீல போர்டு பங்க்குக்குப் போய் டேங்கை நிரப்பினார். மைலேஜ் அசைந்து கொடுக்கவில்லை. மஞ்சள் போர்டுக்கு மாறினார். விலை கூடின பெட்ரோலையும் ஊற்றிப் பார்த்தார். ஊஹூம், அதே பதினெட்டு. வயிற்றெரிச்சலுக்கு எந்த பங்க்கில் மருந்து கிடைக்கும்? கடைசியில், மானம் போனாலும் போகட்டும் என்று டாக்டருக்கே போன் போட்டார்.

“சகலை, நீங்க எதையோ மறைக்கிறீங்க.”

“பிராண்டு மட்டும் போதாது சகலை, கால்லயும் விஷயம் இருக்கு. ஆக்சிலரேட்டரைப் பூ மாதிரி மிதிங்க. சிக்னல் எட்ட இருக்கும்போதே பிரேக்கை மெதுவா தொடுங்க, அப்பதான் பேட்டரி நல்லா சார்ஜ் ஏறும். மத்த வண்டியை முந்துற வேலையே வேணாம். நான் இப்ப இருபத்தேழு தொட்டுட்டேன், தெரியுமா?”

“இருபத்தேழா!”

போனை வைத்த கையோடு இவர் கார் சாவியை எடுத்தார்.

அன்றிலிருந்து மனிதர் ஆளே மாறிப்போனார். சிக்னலில் பச்சை விழுவதற்குள் பாய்கிறவர், பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்துக் கத்தினாலும் ஊர்ந்து ஊர்ந்து போனார். முன்னால் ஒரு வேன் ஆடி அசைந்து போனால் அதன் பின்னாலேயே பவ்யமாகப் போனார்.

“அப்பா, சைக்கிள் தாத்தா நம்மளை முந்திட்டாரு!” என்று பின்சீட்டிலிருந்து மகள் கத்தினாள்.

“போகட்டும். அவருக்கு என்ன, மைலேஜ் கவலையா?”

“மாமா வண்டி இருபத்தேழரை குடுக்குதாம். அக்கா சொன்னா” என்றாள் மனைவி, பொதுவாக.

இவர் காலை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். பார்த்துடலாம், பல்லைப் பிடுங்குகிற அந்த ஆளுக்கே இவ்வளவு பொறுமை என்றால் எனக்கு இருக்காதா?

இருபத்திரண்டு ஆயிற்று. இருபத்துநாலு ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிவந்தார்.

“இருபத்தெட்டு! ஏய், இருபத்தெட்டு!”

“நிஜமாவா! எந்த போர்டு பெட்ரோலுங்க?”

“நம்ம பழைய பச்சை போர்டுதான்! பிராண்டாவது மண்ணாங்கட்டியாவது, உங்க மாமா நல்லா கதை விட்டிருக்காரு. சாயங்காலம் நேர்லயே போய்ச் சொல்றேன். அப்ப அவரு மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும் எனக்கு.”

சீட்டியடித்துக்கொண்டே குளிக்கப் போனார். பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மனைவி போனை எடுத்தாள்.

“மாமா, இருபத்தெட்டு தொட்டுட்டாரு. சாயங்காலம் அங்க வர்றாரு. நீங்க முப்பதுன்னு சொல்லிடுங்க.”

“ஐயையோ, முப்பதா! என் வண்டி இருபதைத் தாண்டினதே இல்லைம்மா. இன்னும் எவ்ளோ நாளைக்குத்தான் நான் புளுகுறது?”

“கெஞ்சிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், வேகத்தைக் குறைக்கவே இல்லை மாமா. உங்க மேல இருக்கிற பொறாமையிலதான் குறைச்சிருக்காரு. கார்ல ஏறினதுமே கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நடுங்கிக்கிட்டே வந்த என் பொண்ணு, இப்பதான் ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கிறா.”