மறுபடியும் ஃபெயில்

"பனிக்குடம் உடைஞ்சா என்ன செய்யணும்?"

"வேற குடம் வாங்கணும்" என்றாள் ஏவுல்.

சான்றிதழுக்காக வந்து உட்கார்ந்திருந்த மற்ற மருத்துவச்சிகள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் பரீட்சையில் எப்போதோ தேறியாகிவிட்டது. ஏவுல் மட்டும்தான் பாக்கி.

நர்ஸ் மார்லேனிக்குச் சிரிப்பு வரவில்லை. தலைநகரிலிருந்து சொந்த லீவில், பைசா சம்பளம் இல்லாமல், இரண்டாவது வருஷமாக இந்தக் குச்சுமத்தான் மலைக்குப் பயிற்சி கொடுக்க வந்திருக்கிறாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

"சரி, குழந்தையோட கை முதல்ல வெளிய வந்தா?"

டிரைவர் மெக்கெல்தான் மொழிபெயர்ப்பாளரும். அவன் மலைமொழியில் கேட்டான். ஏவுல் ரொம்ப நேரம் யோசித்தாள்.

"நாமளும் கை குடுக்கணும்."

மார்லேனி புத்தகத்தை மேஜைமேல் போட்டாள். "இவ கையில இதுவரைக்கும் எத்தனை உசிரு போச்சோ. கேளு மெக்கெல்."

"வேணாம் நர்ஸம்மா..."

"அப்படியே கேளு."

கேட்டான். சிரிப்பு நின்றது. ஏவுல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒருத்திதானே, போகட்டும். நாம கிளம்பிடலாமே" என்றான் மெக்கெல்.

"என் கேம்ப்ல ஒருத்தரும் ஃபெயிலானதில்ல. இந்த மண்டூகம் பாஸ் பண்ற வரைக்கும் வண்டி இங்கேருந்து நகராது."

இதை மட்டும் மொழிபெயர்க்காமலே ஏவுல் புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. ரோஷம் வந்துவிட்டது போல என்று மார்லேனி நினைத்துக்கொண்டிருந்தபோது, மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"எங்க ஊர்ப் பொண்ணு லூசினுக்கு வலி கண்டிருச்சு. புள்ள குறுக்கே கிடக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

மார்லேனி யோசிக்கவே இல்லை. லூசினைப் பின்சீட்டில் படுக்க வைத்து, மெக்கெல் அந்த மலைப்பாதையில் வண்டியை விரட்டினான். ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

வராந்தாவில் ஏவுலுக்குச் சூடாகச் சோளக்கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டு மார்லேனி கேட்டாள். "குறுக்கே கிடக்குன்னு எப்பத் தெரியும்?"

மெக்கெல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னான்.

"நீங்க ஊருக்கு வந்தப்பவே தெரியும். முன்கூட்டியே கூட்டிட்டு வந்தா, 'வலி வந்தப்புறம் வா'ன்னு இங்க திருப்பி அனுப்பிடுறாங்க. வலி வந்தப்புறம் தூக்கிட்டு வர ஊர்ல வண்டி ஏது?"

"அதுக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் பாஸ் பண்ணா நீங்க கிளம்பிடுவீங்களே."

மார்லேனி கூனிக் குறுகிப்போனாள். எல்லோர் முன்னாலும் கேட்ட அந்தக் கேள்வியை நினைக்க நினைக்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏவுலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் இத்தனை அவமானப்படணும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வண்டி குடுத்திருக்க மாட்டேனா?"

ஏவுல் பதில் சொன்னாள். மெக்கெல் மொழிபெயர்க்காமல் தரையைப் பார்த்தான்.

"என்ன சொல்றாங்க?"

"போன வருஷம் அவங்க மகளுக்காகக் கேட்டாங்களாம். 'வண்டி பயிற்சிக்கு மட்டும்தான்'னு சொல்லிட்டாங்களாம். நடந்தே தூக்கிட்டு வந்திருக்காங்க. அந்தப் பொண்ணு வழியிலேயே..."

"எந்தப் பாவி சொன்னது?"

மெக்கெல் நிமிரவில்லை.

"நீங்கதான் நர்ஸம்மா. மொழிபெயர்த்தது நான்."