இருபது அடி போதும்

மூன்று கம்புகளையும் ஜவுளிக்கடை வாசலில் வரிசையாகக் கிடத்திவிட்டு, சென்னையிலிருந்து வந்த விற்பனையாளர் பிரவீன்குமார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இருபது அடி, முப்பத்தைந்து அடி, ஐம்பது அடி.

ஒவ்வொரு கம்பும் ரேடியோ ஏரியல் மாதிரி கணுக்கணுவாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருந்தது. இழுத்தால் நீளும். நுனியில் பிரஷ். உள்ளே போகிற ரப்பர் குழாயில் தண்ணீர் ஏறி, பிரஷ் வழியாகக் கண்ணாடியில் வழியும்.

ஐம்பது அடிக் கம்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இந்த ஊர் மாடிக் கடைகளின் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கித் துடைக்க ஆரம்பித்தது இரண்டாயிரத்தில். ஒன்பது வருடம் ஆகிறது. செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து வரும் லாரிகள் உதிர்க்கிற வெள்ளைத் தூள் ஒரே வாரத்தில் கண்ணாடியை மூடிவிடும். மறுபடி தொங்க வேண்டும். முட்டி இரண்டும் எப்போதோ போய்விட்டன. இடுப்பு கிளம்பத் தயாராக இருக்கிறது.

"ஒரே ஆள் போதும் சார். தரையில நின்னுகிட்டே நாலு மாடியும் கழுவிடலாம்" என்றார் பிரவீன்குமார், கடை முதலாளி ராஜ்மோகனிடம்.

அதுதான் வில்லங்கம்.

நாங்கள் இரண்டு பேர். நான் தொங்குவேன். என் தங்கை துர்காதேவியின் புருஷன் மாயவன் மொட்டைமாடியில் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். கயிறு இருக்கும்வரைதான் அவனுக்குக் கூலி. தங்கை வீட்டில் உலை கொதிப்பதே அந்தக் கயிற்றில்தான்.

"ஓஸு பைப்பு புடிக்க இன்னொரு ஆளு வேணுமில்ல?" என்று கேட்டுப் பார்த்தேன்.

வேண்டாமாம். தண்ணீரைத் திறக்க மூடக் கம்பிலேயே திருகு இருக்கிறதாம். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள், என் மாப்பிள்ளையைத் தவிர.

இருபது அடிக் கம்பு இரண்டு மாடியோடு நின்றுவிடும். மேலே இருக்கிற இரண்டுக்கும் பழையபடி கயிறுதான்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீதான கலியபெருமாளு புடிக்கப்போற. எது வேணும்னு நீயே சொல்லு."

மாயவன் ஐம்பது அடிக் கம்பின் பக்கத்தில் குந்தி, அதை இடது கையால் தடவிக்கொண்டிருந்தான்.

"பெருசயே எடுத்துக்க மச்சான். உன் முட்டிக்கு அதான் தோது."

எனக்கு எரிச்சலாக வந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறானே என்று இருந்தது.

நீளக் கம்பைக் கையில் கொடுத்தார்கள். பிரவீன்குமார் ஒவ்வொரு கணுவாக இழுத்துக் கிளிப் போட்டார். பிரஷ் நான்காம் மாடியைத் தொட்டது. தண்ணீர் ஓடியதும் வெள்ளைத் தூள் கரைந்து இறங்கி, கண்ணாடியில் வானம் தெரிந்தது.

நான் செருப்புக் காலோடு தரையில் நின்றிருந்தேன். இப்படி நின்றுகொண்டே ஒரு மனிதன் சம்பாதிக்க முடியும் என்பதை என் முட்டி நம்பவே இல்லை.

கம்பை இறக்கினேன்.

"ரொம்ப ஆடுது. முன்னாடி கரண்டு கம்பி வேற போவுது."

இது அலுமினியம் இல்லை, ஃபைபர், மின்சாரம் பாயாது என்று பிரவீன்குமார் விளக்கினார். பொறுமையான மனிதர். அது எங்கள் ஊர்க் கரண்டுக்குத் தெரியவேண்டுமே என்றேன். முதலாளி சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இருபது அடி போதும் என்றேன். மேல் மாடிகளை எப்போதும் போல நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

மாயவன் எழுந்து என்னையே பார்த்தான். அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை. அவனும் அலுத்துப்போயிருந்தான்.

பிரவீன்குமார் மற்ற இரண்டையும் சுருக்கிக் கட்டிக்கொண்டு வேப்பூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். நாங்கள் கயிற்றோடு படியேறினோம். ஒவ்வொரு படிக்கும் முட்டி என்னைத் திட்டியது. திட்டட்டும் என்று ஏறினேன்.

மொட்டைமாடியில் வெயில் கொளுத்தியது. கயிற்றுச் சுருளை இறக்கியதும் மாயவன் வழக்கம்போல ஓரத்துக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று, பேட்டைப் பக்கத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தான்.

நான் பலகை கட்டிய நுனியை நான்காம் மாடி ஜன்னல்வரை இறக்கி, கயிற்றைத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் மூன்று சுற்றுச் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டேன்.

வாதம் வந்து அவன் வலது கை விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. சட்டைப் பொத்தானைத் துர்காதான் போட்டுவிடுகிறாள். அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். முழுக்கைச் சட்டைக்குள் அந்தக் கையை வைத்துக்கொண்டு ஊரை ஏய்க்கிறான். வேறு எங்கே போய் வேலை கேட்பான்?

முன்பு அவன் கயிற்றை விட விட, ஒரே இறக்கத்தில் எல்லா மாடியையும் முடித்துவிடுவேன். இப்போது நான்காம் மாடி முடிந்ததும் மேலே வந்து, முடிச்சை அவிழ்த்து, கயிற்றை நீளம் விட்டுக் கட்டி, மறுபடி மூன்றாம் மாடிக்குப் போகிறேன்.

இதைப் பற்றி நானும் அவனும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கட்டி முடிக்கும்வரை அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

தொண்டையைச் செருமினேன். மாயவன் வந்து தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சக் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டான்.

நான் நான்காம் மாடிக்கு இறங்கி, ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கிய பலகையில் கால் வைத்தேன்.

"புடிச்சிருக்கேன் மச்சான்" என்று மேலிருந்து குரல் வந்தது.

"கெட்டியாப் புடி மாப்ள" என்றேன். "உன்ன நம்பித்தான் தொங்குறேன்."