கடிதத்தில் எழுதியபடி

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், கட்டிலில் என் மனைவி, சபையின் தாய் இல்லத்திலிருந்து வந்த ஊழியச் சகோதரி, வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக என் தம்பி.

தம்பியையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

மகள் இல்லை. அவளை வரவழைக்கத்தான் நான் அந்தக் கடிதத்தையே எழுதியிருந்தேன்.

எங்கள் லுத்தரன் சபையில் டீக்கனஸ், அதாவது நோயாளிகளைப் பார்க்கும் ஊழியச் சகோதரி, ஆக விரும்பும் பெண்கள் தாய் இல்லம் என்கிற விடுதியில் தங்கி மூன்று வருடம் பயிற்சி எடுப்பார்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவது, புண் கழுவுவது, கட்டுப் போடுவது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன் முழந்தாளிட்டு வெள்ளைத் தொப்பியை வாங்கிக்கொண்டால், அதன்பின் ஊழியம்தான் வாழ்க்கை. கல்யாணம் கிடையாது.

என் மகளின் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் சபை மூப்பர்கள் உண்டு. கோவிலுக்கு மணி கொடுத்திருக்கிறோம். மலச்சட்டி எடுக்கப் பெண் கொடுத்ததில்லை.

பெற்றவர்கள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவது தாய் இல்லத்தின் விதி. ஆகவே, "என் மனைவி மூன்று வாரமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறாள்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முப்பது வருடம் பத்திரப் பதிவாளராக இருந்தவன் நான். என் கையெழுத்துக்கு மேலே பொய் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

வந்தது மகள் அல்ல. வேறொரு சகோதரி, ஐம்பது வயதிருக்கும். சொந்தத் தாய் என்றால் மகளின் கண்ணை நம்ப முடியாதாம். முதலில் வேறொருத்தி வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். இந்த விதி எனக்குத் தெரியாமல் போயிற்று.

வெளிக்கதவு திறந்தபோது என் மனைவி நாற்காலியின்மேல் ஏறி நின்று ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி ஓடிவந்தான். "அண்ணி, வந்தாச்சு! சீக்கிரம் நோயாளி ஆகுங்க."

அவள் இறங்கி, போய்ப் படுத்தாள். கடிதத்தைப் பற்றி முந்தின நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

சகோதரி வெந்நீர் கேட்டாள். கைகளைக் கழுவினாள். நாடி பார்க்க என் மனைவியின் கையை எடுத்தபோது அதில் ஈரத் துடைப்புத் துணி இருந்தது. அதை வாங்கி, உதறி, நாற்காலி முதுகில் போட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு, "காலைப் பார்க்கணும்மா" என்றாள்.

"காலுக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்!" என்று என் மனைவி விருட்டென எழுந்து உட்கார்ந்தாள். படுத்த படுக்கைக்காரி. வாசற்படியில் தம்பிக்கு இருமல் வந்தது.

சகோதரி அதைக் காதில் வாங்கவில்லை. தடித்த காலுறையைக் கீழே சுருட்டினாள்.

கணுக்காலிலிருந்து முழங்கால்வரை வெள்ளைக் கட்டு. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின்மேல் பாதி ஏறி, பின்னல்போல ஒரே நேராக இருந்தது. வெயில் காலத்திலும் அவள் அந்தக் காலுறையைக் கழற்றாததற்கு வயதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

"இது எங்க இல்லத்துக் கட்டு" என்றாள் சகோதரி.

மாதம் ஒருமுறை விடுமுறைக்கு வரும்போது மகள் தாயோடு சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு மணி நேரம். எனக்கு எதிராகத்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

சகோதரி கட்டைப் பிரித்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

"ஐயாவுக்குத் தெரியாதா?"

என் மனைவி சகோதரியைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "தெரிஞ்சா அதையே சாக்கா வச்சு அவளைக் கூப்பிட்டுடுவாரு."

சகோதரி கிண்ணத்து வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

புண்ணைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், சகோதரி சொன்னாள்: "நீங்க எழுதினது நியாயம்தான் ஐயா. இந்தக் காலை ஊன்றக் கூடாது. மாசம் ஒருக்கா கட்டினா ஆறாது, தினம் ரெண்டு வேளை மாத்தணும். வீட்டுல ஆள் வேணும். பொண்ணை அனுப்பச் சொல்லட்டுமா?"

நான் கேட்டது கையில் வந்து நின்றது. இப்போது அதில் பொய்கூட இல்லை.

என் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணாடி பளிச்சென்றும் மற்றது தூசியாகவும் இருந்தது.

"அந்தக் கட்டு எப்படிப் போடுவது?" என்று சகோதரியிடம் கேட்டேன்.

மூன்று தடவை சுற்றினேன். மூன்று தடவையும் அவள் பிரித்துவிட்டு, சுருளை மறுபடி என் கையில் கொடுத்தாள்.

"இவ்வளவு இறுக்காதீங்க" என்றாள் என் மனைவி. "இது காலு. உங்க ஆபீஸ் பத்திரக் கட்டு இல்ல."

நான்காவது கட்டைச் சகோதரி பிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வெள்ளைத் தொப்பி வாங்கிக்கொண்டாள். மூப்பர் குடும்பத்துக்குரிய முன் வரிசையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். என் மனைவியின் கால் முக்காலியின்மேல் இருந்தது. கட்டு நேராக இருந்ததை மகள் வரும்போதும் பார்த்தாள், போகும்போதும் பார்த்தாள்.

அண்ணன் அண்ணியின் காலில் விழுந்துவிட்டார் என்று தம்பி சொந்தக்காரர்கள் வீடுவீடாகச் சொல்லிவருவதாகக் கேள்விப்படுகிறேன்.

தவறு. நான் யார் காலிலும் விழவில்லை. அந்தக் கட்டை நின்றுகொண்டு போட முடியாது.