மயில்கண் கரைத் துண்டு

அரியலூர் வீட்டின் ஜன்னல் வெயில் வெற்றிச்செல்வியின் கணினித் திரையில் சாய்ந்து விழுகிறது. கேம் கம்பெனி அனுப்பிய முப்பரிமாணப் பண்ணையார் உருவம் அங்கே நிற்கிறது. அதற்குத் துணி உடுத்திவிடுவது அவள் வேலை. தோளில் போட்டிருப்பது மயில்கண் கரைத் துண்டு. விக்கிரமங்கலத்துக் கல்யாணத்தில் அந்த ஊர்ப் பண்ணையார் சிங்காரவேலுவின் தோளில் கிடந்ததை இழை தெரியப் படம் பிடித்து வந்திருக்கிறாள். முப்பது வருஷத்துக்கு முன்னால், தோளில் துண்டோடு டீக்கடைக்கு வந்த குற்றத்துக்காக, அவள் அப்பாவின் துண்டை உருவித் தரையில் போட்டு மிதித்தவர் அவர். மவுஸ் நகர்கிறது. திரையில் துணியின் கஞ்சி விறைப்பு அளவு குறையக் குறையத் துண்டு துவள்கிறது, தோளிலிருந்து வழுக்கிப் பண்ணையாரின் காலடியில் சுருண்டு விழுகிறது. மடிப்புகளில் சுண்ணாம்புக்கல் புழுதியை நிதானமாக அப்புகிறாள். பின்னால் டீ டம்ளரோடு அப்பா அய்யம்பெருமாள் வந்து நிற்கிறார். “யாரு துண்டுன்னு தெரியுதாப்பா?” “கரையப் பாத்தாலே தெரியுதே.” டம்ளரை வைத்துவிட்டுத் திரையில் துண்டின் நடுவே விரலை ஊன்றுகிறார். “இந்த எடத்துல ஒரு செருப்புத் தடம் வையி.” “எந்தக் காலுப்பா?” அவர் யோசிக்கவே இல்லை. “எடது காலும்மா. குதியில லாடம் அடிச்ச செருப்பு.”