மட்கார்டுக்கு அடியில் களிமண்

பட்டறைக் கூரையின் ஓட்டை வழியே வெயில் வட்ட வட்டமாக விழுந்து அகலமான புதுச் சக்கரங்களில் மினுங்குகிறது. மருமகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். யாரையும் கேட்காமல் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு மேல் இந்தச் சக்கரங்கள். நேற்று வேகத்தடையில் பின் டயர் மட்கார்டை உரசிய சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. மெக்கானிக் மட்கார்டின் உள்விளிம்பைச் சூடுகாட்டி மடக்கிவிட்டு, அதனடியில் களிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறார். "டயர் தொட்டா இதுல தெரிஞ்சிடும். ஆனா பின்னாடி கனம் வேணுமே." "நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டுக்குள் நுழைகிறார். 'அகலக்கால் வைக்காதே' என்று சொல்லிவிட்டு, வாங்கிய நாளிலிருந்து இந்தக் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர். அவர் பக்கத்தில் மருமகளின் கணவன் தன்னைத் திணித்துக்கொள்கிறான். "என் தொப்பை இன்னிக்குத்தாம்மா ஒரு வேலைக்கு ஆகுது." கார் பின்பக்கம் அமுங்குகிறது. மாமியாரின் முட்டி இடிக்காதபடி மருமகள் தன் சீட்டை முன்னே இழுத்துக்கொள்கிறாள். வாசல் மேட்டில் வண்டி ஏறி, இறங்கி, வளைந்து பட்டறைக்கே திரும்புகிறது. மூவரும் மூச்சுவிடாமல் காது கொடுக்கிறார்கள். எஞ்சின் சத்தம் தவிர ஒன்றுமில்லை. மெக்கானிக் குனிந்து டார்ச் அடிக்கிறார். களிமண்ணில் அவருடைய கைரேகை அப்படியே இருக்கிறது. "தொடவே இல்ல!" மருமகள் பின்சீட்டுப் பக்கம் திரும்புகிறாள். "இறங்குங்க அத்தை, கால் வலிக்கும்," என்கிறாள். மாமியார் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்கிறார். "எதுக்கும் இன்னொரு சுத்து போய்ப் பார்த்துடலாம்."