நாற்காலிக்கு நாலு அம்பு

மாரிசெல்விக்கு நடந்தது அநியாயம். செல்போன் கம்பெனி லைனில் இரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்து செக்கிங் வேலை பார்த்த நாற்காலியை, போன மாதம் சேர்ந்த சுகப்பிரியாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் சூப்பர்வைசர் கோதண்டராமன். இனி ஷிஃப்ட் முழுக்க மாரிசெல்வி நின்றபடியே பேக்கிங் பண்ண வேண்டும்.

குன்றத்தூரில் அவளோடு ஒரே ரூமில் இருந்த ஜோவிதாவுக்குத்தான் கொதித்தது. எம்.ஃபில். ஆராய்ச்சியே வாதங்களைப் பற்றி. விடுவாளா?

"விடுங்கக்கா" என்றாள் மாரிசெல்வி.

"நீ சும்மா இரு!" காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வட்டம் வட்டமாக வரைந்தாள். "ஒவ்வொரு வட்டமும் ஒரு வாதம். ஒரு வாதத்தை இன்னொண்ணு தாக்கினா சிவப்பு அம்பு. தாங்கினா பச்சை. சிவப்பைத் திருப்பி அடிக்க வழியில்லேன்னா அந்த வாதம் காலி!"

ஞாயிற்றுக்கிழமை, மாரிசெல்வியையும் இழுத்துக்கொண்டு போய், படப்பை டீக்கடையில் கோதண்டராமனைப் பிடித்து, தாளை நீட்டினாள்.

"இன்னாம்மா இது, இடியாப்பமா?"

"வாதப்படம் சார். செல்வி ஸ்லோன்னு சொன்னீங்களாமே? இதோ சிவப்பு: மே மாசம் பெஸ்ட் ஆபரேட்டர் அவதான். அதுக்குப் பச்சை: சர்டிஃபிகேட்ல உங்க கையெழுத்து!"

"என்துதான்." டீயை ஆற்றினார்.

"சுகப்பிரியாவுக்குக் கண்ணு ஷார்ப்புன்னீங்களாமே? சிவப்பு: அவ பாஸ் பண்ண அஞ்சு பீஸ் திரும்பி வந்திருக்கு. உங்க செல்லம், அதான் சலுகை. அதுக்குப் பச்சை அவ நடை! பஸ் ஸ்டாப்ல பார்த்தேனே, தேர் மாதிரி அசைஞ்சு அசைஞ்சு... கேக்க ஆளில்லேங்கற திமிர்!"

கோதண்டராமன் மாரிசெல்வியைப் பார்த்தார். அவள் டீ கிளாஸைப் பார்த்தாள்.

"சர்தாம்மா. தப்பு என்துதான். எல்லா சிவப்பையும் எனக்கே போட்டுக்கோ."

"அப்போ நாற்காலி?"

"அது மாறாது." பைக்கைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

"பார்த்தியா, பதிலே இல்லை! ஆள் காலி!" பஸ்ஸில் ஜோவிதா குதித்தாள்.

மாரிசெல்வி குரலைத் தணித்தாள். "அக்கா, இனி அவ நடையப் பத்தி வெளிய வாயத் தொறக்காதீங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு கால் குட்டை. நின்னா வீங்கிரும். மேல தெரிஞ்சா வேலைக்கு லாயக்கில்லன்னு மறுநாளே அனுப்பிருவாங்க. நாற்காலிய அவளுக்குக் குடுங்கன்னு சார்கிட்ட கேட்டதே நாந்தான்."

அந்தத் தேர்நடை ஜோவிதாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அதை அந்த மனுஷன் சொல்லியிருந்தா, ஒரே அம்புல என்னை ஜெயிச்சிருப்பாரேடி?"

"அவரைத் தாங்கியிருக்கும்க்கா. அவளை அடிச்சிருக்குமே."