ஹார்விக் பலகையும் காட்டு வாத்துகளும்

வசந்தத்தின் முதல் காட்டு வாத்துக் கூட்டம் வளைகுடாவுக்கு மேலே தெரிகிறது. வேட்டைக்கான மறைப்புத் தட்டிக்குப் பின்னால் ஹாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். என்றோ ஒரு கோடையில் இந்தக் கரையை வரைந்துவிட்டுப் போன ஓவியர் ஹார்விக்கின் பெயர்தான் நேற்றுவரை ஊருக்கும். நேற்றுதான் வாக்கெடுத்து, ‘வாத்து இறங்கும் மேடு’ என்று பூர்வகுடிகளான தங்கள் க்ரீ மொழியில் இருந்த பழைய பெயரை மீட்டார்கள். கழற்றிய பெயர்ப்பலகையை அவள் உடனே அறுத்து, கூட்டத்தை இழுக்கும் பொய் வாத்துகளாக்கிச் சேற்றில் நட்டுவிட்டாள். அவசரத்தில் கறுப்பு பூச மறந்துவிட்டாள். ஹார்விக்கின் வெள்ளை எழுத்துகள் வெயிலில் பளிச்சிடுகின்றன. “அண்ணி, வாத்து இறங்கும் மேடுன்னு பேர வச்சுட்டு ஒண்ணுகூட இறங்கலைன்னா, பக்கத்து ஊர்க்காரன் சிரிச்சே கொன்னுடுவான்!” என்கிறான் கொழுந்தன் ஆபேல். “வாயை மூடிட்டுக் கூப்பிடுடா!” வாயை மூடிக்கொண்டு எப்படிக் கூப்பிடுவது என்று முறைத்துவிட்டு, அவன் கைகளைக் குவித்து வாத்தாகவே கத்துகிறான். கூட்டம் தயங்குகிறது, வளைகிறது, சிறகை விரித்தபடி சரிகிறது. ஹார்விக்கின் ஓவியத்தில் ஒரு பறவைகூட இல்லை. இப்போது அவர் பெயரைத் தேடி வானமே இரைந்துகொண்டு இறங்குகிறது.